குழந்தையின் எடையைக் கேளுங்கள்

(பர்கூரில் உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கறவை மாட்டில் ஒரு வேளை பால் குறைந்தாலும் உடனே காரணம் தேடுகிறோம். கேழ்வரகுப் பயிர் வெளுத்தால் என்ன உரமிடலாம் என்று கேட்கிறோம். ஆனால், நம் வீட்டுக் குழந்தையின் எடை இரண்டு மாதமாக ஏறவில்லை என்றால் அது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊட்டக்குறைவு தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாதந்தோறும் எடை பார்த்தால்தான் தெரியும்.

இதற்காக உலக நாடுகளின் துணையும் நமக்குக் கிடைத்தது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் யூனிசெஃப் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு இந்திய அரசு குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தைத் தொடங்கியது. இன்றைய அங்கன்வாடிகள் அதன் வழி வந்தவையே. 1980ஆம் ஆண்டில் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து அட்டையில் குறித்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாட்கள் இணை உணவு தந்தார்கள். தேறியதும் நிறுத்திவிட்டார்கள். அதன்பின் வீட்டு உணவிலேயே குழந்தை வளர வேண்டும் என்பதால், தாய்க்கு அதற்கான முறையைக் கற்பித்தார்கள். பணம் வெளியிலிருந்து வந்தது. பொறுப்பு வீட்டிடம்தான் இருந்தது.

அந்தப் பொறுப்பு இன்னும் தீரவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளில் 25 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது.

நம் பகுதியில் விளையும் கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உள்ளது. அப்படியிருந்தும் விளைந்ததையெல்லாம் விற்றுவிட்டு, வீட்டில் அரிசிச்சோறும் இரசமுமாக நாளை ஓட்டுகிறோம். தாய் அதிகாலையில் வயலுக்கோ ஆலை வேலைக்கோ போய்விட்டால், காலையில் உண்ட ஒரு வாய்க் களியோடு குழந்தை மாலைவரை காத்திருக்கிறது. சிறு வயிற்றுக்கு அது போதாது.

நீங்கள் செய்ய வேண்டியவை இவை:

1. விதைக்கு எடுத்து வைப்பதுபோல, வீட்டுக்குத் தேவையான கேழ்வரகையும் மொச்சையையும் ஒதுக்கிவிட்டு மீதியை விற்பனைக்கு அனுப்புங்கள்.

2. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டாம். அதன்பின் தாய்ப்பாலோடு கெட்டியான கஞ்சி தொடங்குங்கள்.

3. கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைக்கவிட்டு, நிழலில் உலர்த்தி, கருகாமல் இலேசாக வறுத்து அரையுங்கள். இம்மாவில் காய்ச்சும் கஞ்சி அதிகம் தண்ணீர் விடாமலே இளகும். ஆகவே சிறிதளவிலேயே கூடுதல் சத்து சேரும். வெல்லமும் நிலக்கடலைப் பொடியும் சேர்க்கலாம். வீட்டில் இருக்கும் பாட்டியிடம் சொல்லி, சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டச் செய்யுங்கள்.

4. கருவுற்ற பெண் குறைத்துச் சாப்பிட்டால் பிரசவம் எளிதாகும் என்பது தவறு. அவருக்கு முதலில் பரிமாறுங்கள். முருங்கைக்கீரை, பயறு, முட்டை கொடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கக்கூடாது.

5. அங்கன்வாடியில் தரும் சத்துமாவு தாய்க்கும் குழந்தைக்கும் உரியது. அதைக் கன்றுக்குட்டிக்கு வைக்காதீர்கள்.

இவை பெண்களின் வேலை என்று ஆண்கள் ஒதுங்க வேண்டாம். எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று பெரும்பாலும் முடிவு செய்வது நீங்கள்தாம். இன்று வீடு திரும்பியதும் குழந்தையின் எடை அட்டையை எடுத்துப் பாருங்கள். சென்ற மாதத்தைவிட எடை ஏறவில்லையானால், நாளையே அங்கன்வாடிப் பணியாளரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் காட்டுங்கள்.