ஆமைகளின் கரை



மத்திய அமெரிக்காவிலே, ஒருபுறம் பசிபிக் பெருங்கடலும் மறுபுறம் கரிபியன் கடலும் எல்லையாக அமைந்த நாடு கொஸ்தாரிக்கா. பரப்பில் இலங்கையினும் சிறிய அந்நாட்டின் கரிபியன் கரையில் தொர்த்துகுவேரோ என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூருக்கு வீதி கிடையாது. ஆறுகளையும் கடனீரேரிகளையும் இணைத்து வெட்டிய கால்வாய்களின் வழியே வள்ளத்திற் செல்லவேண்டும். அன்றேற் சிறு விமானத்தில் இறங்கவேண்டும்.

வள்ளப் பயணமே ஒரு தனி அனுபவம். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை பொழியும் நிலம் அது. இருமருங்கும் மழைக்காடு நீரின்மீது கவிந்து நிற்கும். ஊளைக் குரங்குகளின் முழக்கம் நெடுந்தூரம் கேட்கும். கெய்மன் எனப்படும் சிறு முதலைகள் கரையோரத்தில் அசைவின்றிக் கிடக்கும். சிறுத்தையை ஒத்த ஜகுவாரும் அக்காட்டில் வாழ்கின்றது. ஆயினும் அது மனிதர் கண்ணிற் படுவது அரிது.

எனினும், உலகின் பல பாகங்களிலிருந்தும் பயணிகளை அங்கு ஈர்ப்பது பேராமையே. ஜூலை முதல் ஒக்டோபர் வரை, ஏறக்குறைய 35 கிலோமீற்றர் நீண்ட அக்கடற்கரையில், இரவு வேளைகளிற் பேராமைகள் கரையேறுகின்றன. மணலைத் தோண்டி நூறளவில் முட்டைகளை இட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. ஏறத்தாழ இரு மாதங்களின் பின் வெளிவரும் குஞ்சுகள், கடலின்மேல் தோன்றும் மெல்லொளியை நோக்கி ஓடுகின்றன. அவற்றுள் உயிர் தப்பி வளரும் பெண்ணாமை, பல்லாண்டுகள் கழிந்து, தான் பிறந்த கரைப்பகுதியையே நாடி முட்டையிட வருகின்றது.

இவ்வாறு தவறாது வரும் இயல்பே ஒரு காலத்தில் அதற்குக் கேடாயிற்று. இறைச்சிக்கும் முட்டைக்குமாக மனிதர் அக்கரையிற் காத்திருந்தனர். ஆமையின் வயிற்றோட்டுப் பகுதியிலுள்ள பசைப்பொருள் சூப்புத் தயாரிப்பதற்கென ஏற்றுமதியாயிற்று. 1950களில் அங்கு ஆராய்ந்த புளோரிடாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்ச்சி கார், இவ்வினம் அழியக்கூடும் என எச்சரித்தார். 1956இல் அவர் வெளியிட்ட நூலைப் படித்தோரின் முயற்சியால், 1959இல் கடலாமைகளைக் காக்கும் அமைப்பொன்று தோன்றிற்று. 1975இல் அப்பகுதி சட்டப்படி தேசியப் பூங்காவாயிற்று.

சட்டம் மட்டும் வயிற்றை நிரப்பாது என்பதை நாம் அறிவோம். ஆமையை நம்பி வாழ்ந்த ஊருக்கு வேறு பிழைப்பு வேண்டியிருந்தது. அதனை அளித்தது சுற்றுலாவே. இன்று அவ்வூரவர் பலர் வழிகாட்டிகளாகவும் வள்ளமோட்டிகளாகவும் தொழில் செய்கின்றனர். கொன்ற ஆமை ஒரு முறைதான் விலைபோகும். உயிருள்ள ஆமையோ மீண்டும் மீண்டும் வந்து ஊருக்குச் சோறிடும். இக்கணக்கை அவ்வூர் உணர்ந்துகொண்டது.

ஆனால் இக்கணக்கு நிலைப்பது பயணியின் அடக்கத்திலேயே தங்கியுள்ளது. இரவில் அனுமதி பெற்ற வழிகாட்டியுடனேயே கரைக்குச் செல்லலாம். படம் பிடித்தல் ஆகாது. ஆமை முட்டையிடத் தொடங்கும்வரை இருளிற் காத்திருத்தல் வேண்டும். அதன்முன் நெருங்கினால் அது முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடலாம். கரையோரக் கட்டடத்தின் விளக்கொளியும் குஞ்சுகளை எதிர்த்திசையில் இழுத்துச் சாகடிக்கும். காக்க வந்த பணமே விளக்காகவும் இரைச்சலாகவும் குப்பையாகவும் பெருகுமாயின், வேட்டைக்காரன் செய்த தீங்கை விருந்தினன் செய்தவனாவான்.

காடுகளையும் கடல்களையும் காணச் செல்வதை வீரச்செயலென்பர் சிலர். தொர்த்துகுவேரோவில் வேண்டப்படும் வீரம் வேறு வகையானது. நள்ளிரவில், மழையில் நனைந்தவாறு, விளக்கின்றி, வாய்பேசாது நிற்கும் பொறுமையே அது. இலங்கையின் தென்கரையிலுள்ள ரெக்கவைக்கும் இதே பேராமை முட்டையிட வருகின்றதாதலால், அந்தப் பொறுமை நமக்கும் வேண்டுவதொன்றே.