சத்திரத்தில் ஒப்படைத்துவிட்டுப் போனவன்



நர்சிங் முடித்தவர்கள், அவசர சிகிச்சை டெக்னீஷியன்கள், ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ முடித்தவர்கள் என்று மூன்று வகுப்பும் பட்டம் வாங்க ஒன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்த விபத்து நடந்தாலும் நீங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தே ஆகவேண்டும். இப்போதே பழகிக்கொள்வது நல்லது. உங்களில் பாதிப்பேர் சர்ச்சுக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் வடிவுடையம்மன் சன்னதிக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறவர்கள். நான் கேஷுவால்டியில் நர்ஸாக வேலைபார்த்து ஓய்வுபெற்றவள். பிரசங்கம் பண்ண எனக்கு வராது. விசுவாசத்தைச் செருப்புபோல வாசலில் விட்டுவிட்டு வந்து பேசவும் வராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல சமாரியன் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சண்டே ஸ்கூல் போகாதவர்களுக்கும் தெரியும். நாட்டின் சட்டப் புத்தகத்திலேயே அவன் இடம்பிடித்துவிட்டான். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிவந்து சேர்க்கிறவர்களைப் போலீஸும் கோர்ட்டும் அலைக்கழிக்கக் கூடாது என்ற வழிகாட்டுதல்களுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் சட்ட பலம் கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்று ஒரு பிரிவையே சேர்த்தார்கள். அந்தப் பிரிவின் தலைப்பில் நிற்பது இந்தச் சமாரியன்தான். இயேசு சொன்ன ஒரு கதையின் ஆள், மணலி எக்ஸ்பிரஸ் சாலையில் லாரி மோதி விழுந்தவரைத் தூக்குகிற ஆட்டோக்காரருக்குச் சட்டப் பாதுகாப்பாக வந்து நிற்கிறான்.

இந்தக் கதையை எழுதிவைத்தது லூக்கா ஒருவர்தான். அவர் வைத்தியர். அதனாலோ என்னவோ, கதையில் நம் தொழில் அப்படியே இருக்கிறது. காயத்தைக் கழுவத் திராட்சரசம், எரிச்சல் அடங்க எண்ணெய், பிறகு கட்டு. அதற்கப்புறம்தான் தூக்கித் தன் வாகனத்தில் ஏற்றுகிறான். முதலுதவி, அப்புறம் வண்டி, அப்புறம் சேர்ப்பிடம். வரிசை தப்பவில்லை.

பிரசங்கங்களில் அவனுடைய இரக்கத்தைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். நான் சொல்ல வந்தது, அவன் மறுநாள் காலையில் செய்த காரியத்தை. சத்திரக்காரனைக் கூப்பிட்டு இரண்டு பணத்தைக் கையில் கொடுத்து, இவரைப் பார்த்துக்கொள், மேலே ஆகிற செலவைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கிளம்பிப் போய்விட்டான். அடிபட்டவன் பிழைத்தானா இல்லையா என்று கதையில் ஒரு வார்த்தை இல்லை. சமாரியனுக்கும் அன்றைக்குத் தெரியாது. செய்யவேண்டியதைச் செய்தான், பொறுப்பானவர் கையில் ஒப்படைத்தான், தன் வழியே போனான். நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது இது ஒன்றுதான். ஒப்படைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு விடியற்காலை காசிமேட்டிலிருந்து ஒரு தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். விசைப்படகின் விஞ்சில் கை மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. கூட இருந்தவர்கள் பதறிப்போய் விரல்களை மீன் பெட்டி ஐஸுக்குள் போட்டிருக்கிறார்கள். துறைமுகத்தில் ஐஸுக்குப் பஞ்சமா? ஆம்புலன்ஸில் போன பையன் அதைப் பார்த்ததும் வெளியே எடுத்து, ஈரத் துணியில் சுற்றி, பாலித்தீன் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ்மேல் வைத்துக் கொண்டுவந்தான். விரல் ஐஸில் நேராகப் பட்டால் சதை செத்துப்போகும் என்று படித்ததை மறக்கவில்லை. கையை உயர்த்திப் பிடித்து அழுத்திக் கட்டி, கட்டிய நேரத்தைப் பிளாஸ்டரில் பேனாவால் எழுதியிருந்தான். என்னிடம் ஒப்படைத்தபோது பி.பி., நாடித்துடிப்பு, எத்தனை மணிக்கு நடந்தது, என்ன கொடுத்தேன் என்று நாலு வாக்கியத்தில் முடித்தான். அவ்வளவு சுத்தமான ஹேண்டோவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம் அவன் போகவில்லை. தியேட்டருக்குக் கொண்டுபோன பிறகும் வாசலில் நின்றுகொண்டே இருந்தான். யூனிஃபார்ம் முழுக்க மீன் வாடை, ரத்தம். "சிஸ்டர், கல்மண்டபத்துல கண்டெய்னர் லாரி க்யூவுல பத்து நிமிஷம் மாட்டிக்கிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் அதட்டினேன். "தம்பி, உன் வேலை முடிஞ்சுது. இப்ப என் வேலை. அங்க சர்ஜன் வேலை. போய் டீ குடி, வண்டியைக் கழுவு." முகம் சுருங்கிப்போய்த்தான் போனான். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றுகூட நினைத்திருப்பான்.

இந்தத் தொழிலில் ஆளைத் தின்பது ரத்தம் இல்லை பிள்ளைகளே. ரத்தம் ஒரு மாதத்தில் பழகிவிடும். இன்னும் கொஞ்சம் முன்னாடி போயிருந்தால், இன்னொரு தடவை அழுத்திப் பார்த்திருந்தால் என்கிற நினைப்புதான் தின்னும். அதுதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். அதை மறக்கத்தான் சிலர் டாஸ்மாக்கைத் தேடிப் போகிறார்கள், சிலர் வேலையையே விட்டுப் போகிறார்கள். என்னைக் காப்பாற்றியது என் விசுவாசம். அது எனக்கு வீரத்தைக் கொடுத்தது என்று சொல்ல மாட்டேன். இரட்சகர் என்கிற போஸ்ட்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், அங்கே வேகன்சி இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் சிலுவையில் தொங்கவேண்டிய அவசியம் இல்லை. பிரஷர் பேண்டேஜ் போட்டால் போதும். அதைச் சரியாகப் போடவேண்டும், அது என் பொறுப்பு. அதற்குமேல் நடப்பதை அவர் கையில் ஒப்படைக்கிறேன். நீங்கள் வேறு பெயர் சொல்லி ஒப்படைக்கலாம். ஆனால் எங்கேயாவது ஒப்படையுங்கள்.

இந்த வட்டாரத்தில் வேலைபார்க்கப்போகிறவர்களுக்கு டிசம்பர் 26 மறக்க முடியாத தேதி. 2004இல் அது ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் கேக் மிச்சம் வீட்டில் இருக்க, காலை ஆராதனை நேரத்தில் சுனாமியாகக் கடல் உள்ளே வந்தது. 2023இல் அதே தேதி, நள்ளிரவுக்குச் சற்று முன்னால், எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள். பக்கத்துக் குப்பத்திலும் அதே கதி. பலரை ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியிருந்தது.

சேஃப்டி படித்த பிள்ளைகளுக்கு அம்மோனியாவைப் பற்றி நான் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஈரத்தைத் தேடிப் போகும், அதனால்தான் கண்ணையும் தொண்டையையும் முதலில் பிடிக்கும். அதே காரணத்தால் தண்ணீர்தான் அதற்கு மருந்து. காற்றைவிட லேசானது என்று புத்தகத்தில் இருக்கும், ஆனால் குளிர்ந்து கசியும்போது தரையோடு தவழும். ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே ஒதுங்கவேண்டும். இது குப்பத்தில் இருக்கிற ஒவ்வொரு பாட்டிக்கும் தெரிந்திருக்கவேண்டும். தெரியவைப்பது இனி உங்கள் வேலை. சைரன் கம்பெனிக்குள்ளே அடித்தால் போதாது.

திருச்சபைக் காலண்டரில் டிசம்பர் 26 ஸ்தேவானின் நாள். முதல் இரத்தசாட்சி என்று எல்லோருக்கும் தெரியும். அவரை எந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது பாதிப்பேருக்கு மறந்துபோயிருக்கும். விதவைகளுக்குச் சாப்பாடு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்று புகார் வந்தது, பந்தி விசாரிக்க ஏழு பேரைப் போட்டார்கள், அதில் ஒருவர் இவர். நிவாரண முகாமில் சாப்பாட்டுப் பொட்டலம் எண்ணிக் கொடுக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சின்ன வேலை என்று சபை நினைக்கவில்லை.

தீயணைப்புப் பக்கம் போகிறவர்கள் ஏப்ரலில் தீத்தொண்டு வாரம் கொண்டாடுவீர்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் பஞ்சும் வெடிபொருளும் ஒன்றாக ஏற்றியிருந்த ஃபோர்ட் ஸ்டிக்கைன் கப்பல் தீப்பிடித்து வெடித்ததில் அறுபத்தாறு தீயணைப்பு வீரர்கள் செத்தார்கள். அவர்களுக்காகத்தான் அந்த வாரம். துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2017 ஜூலையில் நம் கொடுங்கையூரிலேயே ஒரு பேக்கரி தீயை அணைக்கும்போது சிலிண்டர் வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் போனார். வேடிக்கை பார்க்க நின்றவர்கள் பலருக்கும் தீக்காயம். செல்ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதும் தீயணைப்பில் பாதி வேலை.

ஒப்படைப்பு பற்றிச் சொன்னேனே, ராயபுரத்திலேயே அதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து 1888இல் மெட்ராஸுக்கு வந்தார் டாக்டர் மட்டில்டா மெக்ஃபெயில். பெண்களுக்கென்று சின்ன மருந்தகமாகத் தொடங்கினார். 1914இல் அது கிறிஸ்டினா ரெய்னி பெயரில் ஆஸ்பத்திரியாக எழும்பியது. அதே வருஷம் செப்டம்பரில்தான் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் நம் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அந்த முதல் உலகப்போரின்போது ஸ்காட்லாந்துப் பெண்கள் நடத்திய மருத்துவமனைக் குழுவோடு மெக்ஃபெயில் ஐரோப்பாவுக்கும் போய்ச் சேவை செய்தார். பிறகு இங்கே திரும்பி வந்து வேலைபார்த்து, வயதானபோது ஊருக்குப் போனார். ரெய்னி ஆஸ்பத்திரி இன்றைக்கும் நடக்கிறது. நடத்துகிறவர்கள் நம் ஜனங்கள். தான் இல்லாவிட்டால் நடக்காது என்கிற மாதிரி அவர் எதையும் கட்டவில்லை.

ஜனங்கள் எப்போதும் உங்களுக்குக் கைகொடுப்பார்கள் என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. 2020 ஏப்ரல் 19 அன்று நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் எதிர்ப்பு. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே கல்லும் கட்டையும் வந்து விழுந்தன. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, வண்டியில் வந்தவர்கள் மண்டை உடைந்தது. கடைசியில் அவருடைய நண்பரான இன்னொரு டாக்டர், தானே ஆம்புலன்ஸை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்து, ஆஸ்பத்திரி ஊழியர்கள் இரண்டு பேரோடு நள்ளிரவுக்குமேல் மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், உடலை எடுத்துக் கீழ்ப்பாக்கத்தில் முறைப்படி அடக்கம் செய்ய அனுமதித்தது. சைமன் என்ற பெயரைக் கேட்டால் எனக்கு இயேசுவின் சிலுவையைச் சுமந்த சிரேனே ஊரான் சீமோன் ஞாபகத்துக்கு வருவான். அவனைப் பிடித்து நிறுத்திச் சுமக்கவைத்தார்கள். இந்த நண்பரை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. கல் விழுந்த இடத்துக்கே தானாகத் திரும்பி வந்தார். விசுவாசத்தைப் பற்றி மேடையில் பேசுகிற நாங்கள் எல்லாம் அந்த மனிதருக்குக் கீழேதான்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஒன்று, ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறவரிடம் உங்கள் மதத்தை நீட்டாதீர்கள். அவர் கேட்டால் ஜெபம் பண்ணுங்கள், கேட்காவிட்டால் மனசுக்குள் பண்ணுங்கள். சமாரியன் கட்டுப் போடும்போது பேசியதாக லூக்கா எழுதவில்லை. இன்னொன்று, இது ஊழியம்தானே தங்கச்சி என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கிறவர்கள், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டுக்குமேல் நிற்கவைக்கிறவர்கள், கிளவுஸும் சுவாசக் கருவியும் அடுத்த மாதம் வரும் என்று சொல்லுகிறவர்கள் எங்கேயும் இருப்பார்கள். சர்ச் நிறுவனங்களிலும் இருப்பார்கள். முன்வரிசையில் இருக்கிறவர்கள் கோபித்துக்கொண்டால் நான் என்ன செய்ய? வேலையாள் கூலிக்குத் தகுதியானவன் என்று இயேசு சொன்னதும் நல்ல சமாரியன் வருகிற அதே பத்தாம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றைத் தாண்டிப் போகக் கூடாது. சமாரியனும் சத்திரக்காரனிடம் இலவசமாகப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை, காசு கொடுத்தான்.

கடைசியாக, பைபிளில் வருகிற எலியா தீர்க்கதரிசி. கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றிக்கு அப்புறம், உயிருக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் சூரைச்செடிக்குக் கீழே படுத்துக்கொண்டு, போதும், செத்துப்போகிறேன் என்றான். இன்றைக்கு ஒரு கவுன்சலர் பார்த்தால் சோர்வுக்குப் பெரிய பெயர் ஏதாவது வைத்திருப்பார். தேவதூதன் வந்து என்ன செய்தான்? வசனம் சொல்லவில்லை, விசுவாசம் குறைவு என்று திட்டவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். தூதன் எழுப்பிவிட்டதும் இன்னொரு தடவையும் அதே சாப்பாட்டுக்குத்தான். மலைக்குப் போகிற பேச்சு அதற்கு அப்புறம்.

ஆகையால் உங்களில் இன்றைக்கு நைட் டியூட்டி இருக்கிற ஏழெட்டுப் பேர் பட்டம் வாங்கினதும் போட்டோவுக்காக வரிசையில் நிற்கவேண்டாம். போட்டோ நாளைக்கும் எடுக்கலாம். பின்னால் ஹாலில் பிரியாணி தயாராக இருக்கிறது, முதல் பந்தி உங்களுக்கு. முதல்வரிடம் சொல்லிவிட்டேன். எண்ணூர்ப் பக்கம் போகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள், அப்புறம் எக்ஸ்பிரஸ் சாலையில் ட்ரெய்லர்கள் அணிவகுத்துவிடும். எல்லோருக்கும் வாழ்த்துகள். முதல் பெயரைக் கூப்பிடலாம், ஐயா.