வாக்குக்கு நிழல் உண்டு

(கதைகளை வாழ வைப்பது நிறைவேறிய சபதமா, மீறிய வாக்கா? என்ற தலைப்பில், 'மீறிய வாக்கே' என்ற அணியில் பேசியது)



குற்றாலத்தில் வந்து பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது ஐயா. பேச்சு நன்றாக இல்லாவிட்டாலும் சாரல் நன்றாக இருக்கும். (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், சபதம், சபதம் என்று மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். பாஞ்சாலி கூந்தலை அவிழ்த்துப் போட்டாள், வீமன் தொடையைப் பிளப்பேன் என்றான், அதனால்தான் பாரதம் என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் சபதம் எங்கிருந்து வந்தது? கல்யாணப் பந்தலிலே அவள் கையைப் பிடித்தவர்கள் ஐந்து பேர். காப்பாற்றுவோம் என்று வாங்கின கை அது. அந்த ஐந்து பேரும் சபையிலே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாக்கு முதலில் செத்தது, அதன் வயிற்றில்தான் சபதம் பிறந்தது. தாயை விட்டுவிட்டுப் பிள்ளைக்கு மாலை போடுகிறீர்களே! (கைதட்டல்)

சபதத்துக்கும் வாக்குக்கும் வித்தியாசம் என்ன? சபதம் எதிரியைப் பார்த்துச் சொல்வது. வாக்கு, வேண்டியவரைப் பார்த்துச் சொல்வது. சபதத்துக்குச் சொந்தக்காரன் சொன்னவன். வாக்குக்குச் சொந்தக்காரன் கேட்டவன். "உன்னை ஒழிக்காம விடமாட்டேன்" என்று ஒருத்தன் சபதம் போட்டு மறந்துபோனான் என்றால் யாருக்கு நஷ்டம்? எதிரி நிம்மதியாகத் தூங்குவான். ஆனால் "ஆவணியிலே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருத்தன் வாக்குக் கொடுத்து மறந்தால், ஒரு பெண் வருஷம் முழுக்கத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த நிற்கிற பெண்ணைப் பற்றித்தான் ஐயா உலகத்துக் கதையெல்லாம்.

தமிழிலே இன்னொரு விசேஷம். கொடுத்த சொல்லுக்கும் வாக்கு என்றுதான் பெயர், போடுகிற ஓட்டுக்கும் வாக்கு என்றுதான் பெயர். அதனால்தான் சிலபேர் ஒன்றை வாங்கிக்கொண்டு இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். பேரு ஒண்ணுதானே, கணக்கு நேராப் போச்சு என்று! (பலத்த சிரிப்பு)

சகோதரி விக்கிரமாதித்தனைக் கொண்டுவந்தார்கள். சந்நியாசிக்குக் கொடுத்த சொல்லை அவன் காப்பாற்றியதால்தான் வேதாளக் கதை உண்டாயிற்று என்றார்கள். 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவைப் படித்துத்தான் நம்மில் பாதிப் பேர் எழுத்துக் கூட்டக் கற்றோம். ஓவியர் சங்கர் போட்ட அந்தப் படம், தோளிலே வேதாளம், கையிலே வாள், யாருக்கு மறக்கும்? ஆனால் சகோதரி, வேதாளம் போட்ட நிபந்தனை என்ன? வழியிலே வாயைத் திறக்கக் கூடாது. விக்கிரமன் என்ன செய்தான்? ஒவ்வொரு கதைக்கும் வாயைத் திறந்தான். திறந்ததும் வேதாளம் மரத்துக்குப் பறந்தது, அடுத்த கதை பிறந்தது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்பதால் திறந்தான், நியாயந்தான். ஆனால் மௌனம் கலைந்தது கலைந்ததுதானே? பழைய நூலிலே கடைசிக் கதைக்கு மட்டும் அவனுக்கு விடை தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு நடந்தான். அன்றைக்கு நிபந்தனை காப்பாற்றப்பட்டது. அன்றைக்கே கதையும் முடிஞ்சு போச்சு! (கைதட்டல்) முதல் நாளே அவன் வாயை மூடியிருந்தால் நமக்கு இருபத்தைந்து கதை ஏது?

சரி, வேதாளத்தை மரத்திலேயே விட்டுவிடுவோம். நாவலுக்கு வருவோம். சபதம் என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்ட நாவல், கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது. மாமல்லபுரத்துக் கடற்கரை மணலிலே நண்பர்களோடு உட்கார்ந்திருந்தபோது மனத்திலே விழுந்த விதை அது என்று முன்னுரையிலே கல்கி எழுதுகிறார். அந்த மணலிலே கூட இருந்தவர் யார் தெரியுமா? இந்தக் குற்றாலத்திலே வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. கம்பனை வரி வரியாக ருசித்துச் சொன்ன மனிதர். 1954-இல் அவர் மறைந்தார், அதே வருஷம் டிசம்பரில் கல்கியும் மறைந்தார். ஆகவே அந்த நாவலைப் பற்றிப் பேச இந்த மண்ணுக்குத் தனி உரிமை உண்டு.

கதை உங்களுக்குத் தெரியும். சிவகாமி வாதாபியிலே சிறையாக இருக்கிறாள். மாமல்லன் மாறுவேடத்திலே வந்து, வா போகலாம் என்கிறான். வாதாபி எரியாமல் நான் இந்த ஊரைவிட்டு வரமாட்டேன் என்கிறாள். சபதம்! ஒன்பது வருஷம் போகிறது. மாமல்லன் படை திரட்டி வந்து வாதாபியை எரிக்கிறான். வரலாற்றிலும் 642-ஐ ஒட்டிப் பல்லவன் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தது நிச்சயம். எதிரணி கேட்கும், "பார்த்தீர்களா, சபதம் நிறைவேறியது அல்லவா?" நிறைவேறியது ஐயா. நகரம் எரிந்தது. அவள் காஞ்சிக்குத் திரும்பி வந்தாள். வந்து பார்த்தால், உன்னை மறக்க மாட்டேன் என்று சொன்னவனுக்குப் பக்கத்திலே பாண்டிய ராஜகுமாரி பட்டமகிஷியாக இருக்கிறாள். நாட்டுக்காகச் செய்த கல்யாணம் என்று காரணம் சொல்லலாம். காரணம் இல்லாமல் எவன் வாக்கு மீறினான்?

அந்த நாவலை மூடி வைத்த பிறகு உங்கள் நெஞ்சிலே எது நிற்கிறது? எரிந்த வாதாபியா? இல்லை, ஏகாம்பரநாதர் சந்நிதியிலே தன்னை இறைவனுக்கே கொடுத்துவிட்டு ஆடுகிறாளே, அந்தச் சிவகாமியா? தலைப்பு சபதத்துக்கு, கண்ணீர் மீறிய வாக்குக்கு. (கைதட்டல்)

அடுத்து நிழலுக்கு வருகிறேன். உடம்பு போன பிறகும் போகாத நிழல். எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டிலே நீலி கதை பாடுவார்கள். ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். பழையனூர் நீலி. முற்பிறவியிலே கட்டின புருஷனே அவளைக் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகிறாள். அவன் வணிகனாகப் பிறந்து பழையனூருக்கு வருகிறான். அவள் அவன் மனைவி உருவத்திலே, கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பிலே வைத்துக்கொண்டு, ஊர்ச் சபையிலே போய் அழுகிறாள். அவன், ஐயோ இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்கிறான். வேளாளர் எழுபது பேர், "உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் எழுபது பேர் உயிரும் ஈடு" என்று வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயிலே இறங்கினார்கள். திருவாலங்காட்டை அடுத்த அந்தப் பழையனூரின் புகழைச் சேக்கிழாரே பாடியிருக்கிறார்.

எதிரணி துள்ளுகிறது, இதோ காப்பாற்றிய வாக்கு என்று! அந்த எழுபது பேரையும் நானும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் எங்கள் ஆச்சி ஒரு கேள்வி கேட்பாள். மடியிலே தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே கதை சொல்லுவாள். ஒருநாள் நான் ஏதோ அடம் பிடித்து அழுத தங்கச்சியைப் பார்த்து, "இது நீலிக் கண்ணீர் ஆச்சி" என்றேன். ஆச்சி கை நின்றுபோச்சு. "ஏலே, கொன்னது அவன். செத்தது அவ. செத்தவ வந்து அழுதா, அதைப் பொய்க் கண்ணீருன்னு எந்தப் பய சொன்னான்?" என்றாள்.

நடுவர் அவர்களே, இதை யோசித்துப் பாருங்கள். சொன்ன சொல்லுக்காகத் தீயிலே இறங்கிய எழுபது பேருக்கு ஊர் பெருமை கொடுத்தது, நியாயம். ஆனால் கைப்பிடித்தவன் மீறிய வாக்கினாலே செத்தாளே ஒருத்தி, அவளுக்கு நம் மொழி கொடுத்தது என்ன? பொய்யாக அழுகிறவர்களுக்கெல்லாம் அவள் பெயர்! அந்த முதல் வாக்கை அவன் மீறாமல் இருந்திருந்தால் எழுபது வீட்டிலே தாலி இறங்கியிருக்குமா? மீறியவன் ஒருவன். நிழல் விழுந்தது எழுபது வீட்டின் மேலே. (நீண்ட கைதட்டல்)

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் தலையணை பருமனில் இங்கிலீஷ் மாயாஜால நாவல் படிக்கிறார்கள். அந்த வகைக்கெல்லாம் பெரியப்பா மாதிரி ஒருவர், டோல்கீன். அவருடைய மோதிரக் கதையின் மூன்றாம் பாகம் 1955-இல் வந்தது. அதிலே ஒரு மலை ஜனம். போர் வந்தால் துணைக்கு வருவோம் என்று ஒரு ராஜாவிடம் கல்லைத் தொட்டுச் சத்தியம் செய்கிறார்கள். போர் வந்தது, இவர்கள் வரவில்லை. சொன்னதை முடிக்கிறவரை உங்களுக்குச் சாந்தி இல்லை என்று ராஜா சபித்துவிடுகிறான். செத்தும் சாகாமல் நிழலாக மலைக்குள்ளே கிடக்கிறார்கள். யுகம் கழித்து அந்த ராஜாவின் வாரிசு வந்து கூப்பிடுகிறான். நிழல்கள் எழுந்து போய்ப் போரிடுகின்றன. போதும், உங்கள் கடன் தீர்ந்தது என்று அவன் சொன்ன பிறகுதான் காற்றோடு கலைகின்றன. நம் ஊர்ச் சுடலைமாடன் கோயில் வாசலிலே கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணுகிறவனைக் கேளுங்கள், இதையேதான் சொல்லுவான். "பொய்ச் சத்தியம் பண்ணினா அது சும்மா விடாதுய்யா!" மொழி வேறே, பயம் ஒண்ணுதான்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

மணி கேட்டது ஐயா. இரண்டே நிமிஷம். வாக்கு! (சிரிப்பு)

மீறிய வாக்கு என்றால் அழுகைதானா, அதற்கு விமோசனமே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. கம்பனிலே பாருங்கள். கார்காலம் முடிந்ததும் படையோடு வரவேண்டும் என்பது சுக்ரீவனுக்கு இட்ட தவணை. மழை முடிந்தது, அவன் மதுவிலே கிடக்கிறான். சீசன் முடிந்தும் குற்றாலத்தை விட்டுப் போக மனசில்லாத சிலரைப் போல! (சிரிப்பு) இலக்குவன் கோபத்தோடு வருகிறான். வழியிலே வந்து நின்றது யார்? சுக்ரீவன் இல்லை. தாரை. வாலியை இழந்தவள். அணிகலன் இல்லாமல் நிற்கிற அவளைப் பார்த்ததும் இலக்குவனுக்குத் தன் தாய்மார் ஞாபகம் வருகிறது, தலை குனிகிறான், கோபம் அடங்குகிறது. வாக்கை மீறியவன் ஒருவன், அதைத் தாங்கிப் பிடித்தது, எல்லாவற்றையும் இழந்த இன்னொருத்தி.

அப்படித் தாங்கிப் பிடித்த கதை ஒன்று இங்கேயிருந்து ஐந்து கிலோமீட்டரிலே நிற்கிறது. தென்காசிக் கோபுரம்! 15-ஆம் நூற்றாண்டிலே பராக்கிரம பாண்டியன் எடுத்த கோயில். அவன் கல்லிலே வெட்டி வைத்திருக்கிற பாட்டின் பொருள் என்ன? இந்தக் கோயிலிலே பின்னாளில் குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர்கள் காலிலே நான் விழுகிறேன் என்கிறான். ஒரு ராஜா ஐயா! அழிப்பவனை ஒழிப்பேன் என்று சபதம் போடவில்லை. பிறக்கவே பிறக்காத மனிதர்களிடம் கையேந்தி வாக்குக் கேட்கிறான்.

என்ன ஆயிற்று? கோபுரம் சிதைந்தது. பிளந்துபோய் மொட்டைக் கோபுரமாகத் தலைமுறை தலைமுறையாக நின்றது. பாண்டியன் கேட்ட வாக்கு, பதில் வராமலே நின்றது. எங்கள் ஆச்சி காலத்து ஜனங்களுக்கு அந்தப் பிளவுதான் ஊருக்கு அடையாளம். கடைசியிலே ஒன்பது நிலையும் மறுபடி எழுந்து, 1990-இல் குடமுழுக்கு நடந்தது. செங்கல் சுமந்த சித்தாளும், சாரத்திலே நின்ற கொத்தனாரும் பாண்டியனுக்கு வாக்குக் கொடுத்தவர்களா? இல்லை. யாருக்கோ வைத்த கடனை, தன் கடன் என்று தீர்த்தவர்கள். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின ராஜா அவர்கள் காலிலே முன்கூட்டியே விழுந்து வைத்திருக்கிறான்! (பலத்த கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, நிறைவேறிய சபதம் கோட்டையிலே கொடி ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். அதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது. மீறிய வாக்கு அப்படி இல்லை. அது சிவகாமியாக ஆடும், நீலியாக அழும், மலைக்குள்ளே நிழலாகக் கிடக்கும், மொட்டைக் கோபுரமாக நிற்கும். யாராவது ஒருவர் வந்து தீர்க்கிறவரை காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்குப் பெயர்தான் கதை.

இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும், உங்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "உனக்கு நான் ஏதாவது வாங்கித் தாரேன்னு சொல்லியிருந்தேனா?" நீங்கள் மறந்திருப்பீர்கள். அது மறந்திருக்காது. தேதியோடு சொல்லும்!

மீறிய வாக்கே கதைகளை வாழ வைக்கிறது என்று நல்ல தீர்ப்பைச் சொல்லுங்கள் என்று கேட்டு, இரண்டு நிமிஷம் என்று சொல்லி நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டதன் மூலம் என் அணியின் வாதத்தை நானே நிரூபித்து (சிரிப்பு), விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)