கூலி கேட்காத எலிப்பிடிகாரர்கள்

(வானொலியில் விவசாயிகளுக்காக ஆற்றிய உரை)

பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி, பட்டாபிராம் பக்கத்தில் இன்னும் நெல் நடுகிறவர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறீர்களோ, உங்களோடுதான் இன்றைக்குப் பேச்சு. நம்ம பக்கத்து நிலைமை உங்களுக்கே தெரியும். வெளிவட்டச் சாலை வந்தது. கழனிக்குப் பக்கத்தில் மனை போட்டார்கள். கல் நட்ட மனையில் வீடும் இல்லை, பயிரும் இல்லை. கோரையும் சீமைக் கருவேலும் மண்டிக் கிடக்கிறது. எலிக்கு அதுதான் தாய்வீடு. பகலெல்லாம் அங்கே படுத்திருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் உங்கள் கழனிக்கு வந்து தூரை அறுத்துப் போட்டுவிட்டுப் போகிறது. காலையில் வரப்பில் நின்று பார்த்தால் அரிவாள் வைத்த மாதிரி இருக்கும்.

உடனே கடைக்குப் போய் மருந்து வாங்கி வைக்கிறோம். மருந்தே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். புரோமாடியோலோன் மாதிரி மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடுகிற எலிதானே கூகைக்குச் சுலபமாக அகப்படும்? எலி வயிற்றில் இருக்கிற விஷம் கூகைக்குப் போய்ச் சேருகிறது. தப்பின எலி மூன்று வாரத்துக்குச் சற்று மேலே ஆனால் ஒரு ஈற்றுக் குட்டி போட்டுவிடும். செத்த கூகைக்குப் பதில் இன்னொரு கூகை அவ்வளவு சீக்கிரம் வராது.

கூகை என்றால் எது என்று இளவட்டங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்கே ஒரு புத்தகம்தான் சொல்லிக் கொடுத்தது. அந்தக் காலத்தில் சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் இருந்தது, 1985-ல் எரிந்து போச்சே, அங்கே பழைய புத்தகக் கடையில் சாலிம் அலி எழுதிய இந்தியப் பறவைகள் புத்தகத்தை வாங்கினேன். 1941-ல் முதலில் வந்த புத்தகம். இங்கிலீஷ்தான், எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. ஆனால் படத்தைப் பார்த்ததும், அட, நம்ம கோபுரத்தில் இருக்கிற பறவை! வெள்ளை முகம், மாம்பழத்தை நறுக்கி வைத்த மாதிரி. எலியும் சுண்டெலியும்தான் அதன் முக்கிய ஆகாரம் என்று போட்டிருந்தது. ராத்திரி கிறீச்சென்று கத்தினால் வீட்டில் சாவு விழும் என்று என் அத்தை உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவாள். நெல் குதிர் இருக்கிற வீட்டில் எலி இருக்கும், எலி இருக்கிற இடத்துக்குக் கூகை வரும். விஷயம் அவ்வளவுதான். அத்தையிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை என்பது வேறு.

கும்மிருட்டிலும் எலி நடக்கிற சத்தத்தை வைத்தே பிடிக்கும் பறவை அது. பறக்கும்போது இறக்கைச் சத்தம் கேட்காது. எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். கூகை இருக்கிற பழைய கோபுரத்தின் கீழே, பொந்துள்ள மரத்தடியில் பாருங்கள், விரல் நீளத்துக்குக் கருப்பாகக் கிடக்கும். அதைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிரித்தால் எலி மண்டையோடு கிடைக்கும். ஒருமுறை என் பேரன் ஒரே உருண்டையில் மூன்று மண்டை எண்ணினான்.

அடுத்தது சாரை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். போன அறுவடைக்கு எங்கள் பக்கத்தில் களத்து மேட்டில் ஏழடிச் சாரை ஒன்றை அடித்துப் போட்டார்கள். நல்ல பாம்புக்கு ஆண் சாரைதான் என்றார் ஒருவர். மாட்டு மடியில் பால் குடிக்கும் என்றார் இன்னொருவர். இரண்டும் சரியில்லை. சாரை தனி இனம், விஷம் கிடையாது. பின்னிக்கொண்டு எழும்பி ஆடுவது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் சண்டை. அடித்துப் போட்ட அந்தச் சாரையின் வயிற்றைப் பார்த்தோம், வரப்பெலி இருந்தது. எலியின் வளைக்குள்ளேயே நுழைந்து குட்டியோடு தின்கிற ஆள் வேறு யார்?

இந்தக் கதையை நன்றாக அறிந்தவர்கள் இருளர்கள். ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகவே பிடித்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-ல் தோல் ஏற்றுமதி நின்றது, அவர்கள் பிழைப்பும் நின்றது. ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978-ல் மாமல்லபுரத்துக்குப் பக்கம் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்பைப் பிடித்து விஷத்தை எடுத்துக்கொண்டு மறுபடி விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் கடிக்கு மருந்து தயாராகிறது.

பாம்பெல்லாம் சாதுவென்று நான் சொல்லவில்லை. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலும்தான் முக்கியமாகக் கொல்பவை. ராத்திரி மடை திருப்பப் போனால் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் போகாதீர்கள். வளைக்குள் கை விடாதீர்கள். வைக்கோல் போரை வீட்டை ஒட்டி வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். ஆளை நடக்கவிடாமல் நேரே அரசு ஆஸ்பத்திரி. எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அதைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். அங்கே போடுகிற மருந்து இந்த நாலுக்கும் சேர்த்துத்தான்.

இனி வேலைக்கு வருவோம். நட்டு பயிர் பிடித்ததும் கழனியில் அங்கங்கே கழி நட்டு, மேலே குறுக்குக் கட்டை கட்டுங்கள். காய்ந்த தென்னை மட்டையைத் தலைகீழாகக் குத்தினாலும் போதும். பயிரைவிட உயரமாக இருக்கட்டும். கூகை அதில் உட்கார்ந்து பார்க்கும். பால் பிடித்ததும் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பகலில் கிளியும் சில்லையும் அதன்மேல் உட்கார்ந்து கதிரைத் தின்னும். வரப்பை ஒல்லியாகக் கழித்து வையுங்கள். தடித்த வரப்பில்தான் வளை. மருந்து வைத்தே ஆகவேண்டுமென்றால் ஒரு மடைப் பாசனக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளில் வையுங்கள், செத்த எலியை அன்றைக்கே பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். பொந்து விழுந்த பழைய பனையோ புளியோ இருந்தால், வெட்டுவதற்கு முன்னே சாயங்காலம் ஒருதரம் நின்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். உள்ளே குஞ்சு இருந்தால் புஸ்ஸென்று சீறும்; பாம்பென்று பயந்துவிடாதீர்கள்.