கையெழுத்துக்குப் பதிலா ஒரு கல்யாணம்: 'வார்பிரேக்கர்' நாவலை முன்வச்சு

இன்னைக்கு நாம பேசப்போற புத்தகம் பிராண்டன் சாண்டர்சன் எழுதின 'வார்பிரேக்கர்'. 2009-ல வந்த எபிக் ஃபேன்டஸி நாவல். எழுத எழுதவே அத்தியாயங்களைத் தன்னோட வெப்சைட்ல போட்டுக்கிட்டே வந்தார் மனுஷன். இப்பவும் முழு புத்தகமும் அங்க இலவசமா கிடைக்குது. ஸோ, "காசு இல்ல ப்ரோ"ங்கிற சாக்கு செல்லாது.

ஒரு எச்சரிக்கை: ஸ்பாய்லர் உண்டு. வில்லன் யாருன்னே சொல்லப்போறேன். படிச்சுட்டு வரணும்னு நினைக்கிறவங்க இங்கேயே பாஸ் பண்ணிடுங்க.

கதைக்கு வருவோம். மலைமேல இட்ரிஸ்னு ஒரு சின்ன நாடு. கீழே கடலோரத்துல ஹாலண்ட்ரன்னு பெரிய பணக்கார நாடு. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்த பெரும் போர்ல, ஹாலண்ட்ரனோட பழைய ராஜ குடும்பம் மலைக்கு ஓடிப்போய் இட்ரிஸை உருவாக்குச்சு. இப்போ கீழே ஆள்றது கடவுள்-அரசன். அவங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு: பழைய வம்சத்துப் பொண்ணு ஒருத்தி நம்ம அரியணைக்கு வாரிசு பெத்துக் கொடுத்துட்டா, அப்புறம் நம்ம உரிமையை யார் கேள்வி கேட்க முடியும்? மலைமேல இருக்கிறவங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கு: பெரிய படையை எதிர்த்து நிக்க முடியாது, அதனால கொஞ்ச காலமாவது வாங்கணும். ரெண்டு கணக்கும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் ஆகுது. இட்ரிஸ் ராஜா டெடலின் தன் மகளைக் கடவுள்-அரசனுக்குக் கட்டிக் கொடுக்கணும்.

மூத்த பொண்ணு விவெனா. பிறந்ததுல இருந்து இதுக்காகவே வளர்க்கப்பட்டவ. எதிரி நாட்டு அரசியல், பழக்கவழக்கம், எப்படி நடக்கணும், எப்படிப் பேசணும், எல்லாம் அத்துப்படி. கடைசிப் பொண்ணு சிரி. பதினேழு வயசு. பாடத்துக்கு மட்டம் போட்டுட்டு காட்டுல பூப் பறிக்கிற ரகம்.

நாள் வந்ததும் அப்பாவுக்கு மனசு வரல. போர் எப்படியும் வரப்போகுதுன்னு தெரியும். செல்ல மகளை எதிரி கையில பணயமா கொடுக்க அவரால முடியல. ஒப்பந்தத்துல மகளை அனுப்பணும்னுதான் இருக்கு, எந்த மகள்னு இல்ல. சிரியை வண்டியில ஏத்திடுறார்.

நம்மள மாதிரி கோடு எழுதுறவங்களுக்கு இந்த இடம் சட்டுனு புரியும். ஸ்பெக்ல ஒரு ஓட்டை, அதை வச்சு டெலிவரி முடிஞ்சுது. ஆனா இங்க டெலிவரி ஆனது ஒரு பொண்ணு. டெடலின் கெட்டவரும் இல்ல. ஒரு பக்கம் மகள், இன்னொரு பக்கம் நாடு முழுக்க இருக்கிற ஜனங்க. அந்த நாற்காலியில நீங்க உட்கார்ந்திருந்தா என்ன செய்வீங்க? எனக்கு இன்னும் பதில் தெரியல.

என்னைப் பொறுத்தவரை இந்த நாவல் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: இந்தச் சமாதானத்துல யார்கிட்ட சம்மதம் கேட்டாங்க?

சிரிகிட்ட கேட்கல. விவெனாகிட்டயும் கேட்கல, இருபத்திரண்டு வருஷம் ஒரே வேலைக்காகத் தயாரானவளுக்கு, ஒரே நாள்ல அந்த வேலை இல்லாம போகுது. சரி, மாப்பிள்ளைகிட்டயாவது கேட்டாங்களா? அங்கதான் சாண்டர்சன் நம்மள உலுக்குறார். அரண்மனையில சிரிக்குப் போடுற முதல் விதி, கடவுள்-அரசன்கிட்ட பேசக்கூடாது. ராத்திரி ராத்திரி பயந்துகிட்டே அவன் அறையில மண்டியிட்டு உட்கார்றா. அவனும் ஒரு வார்த்தை பேசல. கொடூரமானவன்னு நாமளும் நம்பிடுறோம். அப்புறம் தெரியுது, சூசப்ரான்ங்கிற அந்த அரசனுக்கு நாக்கே இல்ல. அவன்கிட்ட இருக்கிற மந்திர சக்தியைப் பயன்படுத்த வாயைத் திறந்து கட்டளை சொல்லணும். அது நடக்கவே கூடாதுன்னு பூசாரிகள் அறுத்துட்டாங்க. எழுதப் படிக்கவும் சொல்லித் தரல. உலகமே நடுங்குற ராஜா, தன் பேர்ல போடுற உத்தரவு என்னன்னே தெரியாத ஒரு கைதி.

சிரி அவனுக்கு எழுத்து சொல்லித் தர்றா. பாடத்துக்கு மட்டம் போட்ட பொண்ணு, டீச்சர்! நாவல்லயே எனக்குப் பிடிச்ச பகுதி இது. ரெண்டு நாட்டுக்கு நடுவுல நிஜமா ஒரு பேச்சுவார்த்தை நடந்ததுன்னா, அது இந்த அறையில ஒரு பலகையில நடந்ததுதான்.

இப்போ வில்லன். போரை மூட்டப் பார்க்கிறது ஹாலண்ட்ரன் பூசாரிகள்னு கடைசி வரைக்கும் நினைச்சுக்கிட்டு இருப்போம். இல்ல. அரண்மனையில ஏடும் கையுமா பவ்யமா சுத்திக்கிட்டிருக்கிற எழுத்தர் புளூஃபிங்கர்ஸ்தான். அவர் பான் கால் இனத்தைச் சேர்ந்தவர். அந்த மண்ணோட பழைய ஜனங்க. ஒப்பந்தம் போட்டப்போ அவங்களை யாரும் கூப்பிடவே இல்ல. அவங்க இருக்கிறதையே மறந்துட்டாங்க. ரெண்டு பெரியவங்களும் அடிச்சுக்கிட்டாதான் நமக்கு விடிவுன்னு அவர் முடிவு பண்றார். அவர் செய்றது நியாயம்னு நான் சொல்லல. அந்தக் கோபம் எங்க இருந்து வந்துச்சுன்னு மட்டும் பாருங்க.

இது கற்பனைன்னு நினைச்சா, நிஜ வரலாற்றுல ஒண்ணு சொல்றேன். 1420, பிரான்ஸ், ட்ருவா ஒப்பந்தம். அஜின்கோர் போர்ல ஜெயிச்ச இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஹென்றிக்கும் பிரெஞ்சு இளவரசி கேத்தரினுக்கும் கல்யாணம். பிரெஞ்சு ராஜா ஆறாம் சார்லஸுக்குப் பிறகு அரியணை ஹென்றிக்கு. பேப்பர்ல சமாதானம் சுபம். ஆனா ராஜாவோட சொந்த மகன் சார்லஸை வாரிசு வரிசையில இருந்தே தூக்கிட்டாங்க. 1422-ல ஹென்றி செத்துப் போறார். அவரோட மகனுக்கு ஒரு வயசுகூட ஆகல. ஒதுக்கி வச்ச அந்த சார்லஸ், 1429-ல ஜோன் ஆஃப் ஆர்க் பக்கத்துல நிக்க, ரான்ஸ் நகரத்துல முடி சூட்டிக்கிறார். 1453-ல போர் முடியும்போது பிரான்ஸ்ல இங்கிலாந்துக்கு மிஞ்சினது காலே மட்டும்தான். மேஜையில இடம் கொடுக்காத ஆள்தான் கடைசியில மேஜையையே கவுத்தார்.

நாவல்ல குறையே இல்லையான்னு கேட்டா, இருக்கு. பான் கால் மக்கள் கதைக்குள்ள வர்றதே ரொம்ப லேட். அவங்களை ஒப்பந்தம் மறந்தது சரி. நாவலும் பாதிக்கு மேல மறந்துடுதேன்னு எனக்கு ஒரு வருத்தம். விவெனா தெருவுல தனியா பசியோட அலையுற பகுதி மட்டும் அந்தக் குறையை ஓரளவு ஈடு கட்டுது. ஏன்னா அப்போதான் அவளுக்கே தெரியுது, அரண்மனைகள் பேசி முடிச்ச சமாதானத்துல இந்தத் தெரு இல்லவே இல்லைன்னு.

போர் வந்துச்சா, சிரியும் சூசப்ரானும் பிழைச்சாங்களா? அதை நான் சொல்ல மாட்டேன், படிச்சுக்கோங்க. படிக்கும்போது ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்துல பென்சில்ல ஒரு கேள்வி போட்டு வைங்க: "இவங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?" எத்தனை வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். டாட்டா!