சேற்றில் இறங்குகிறவர்களுக்கு வரும் காய்ச்சல் - திருகோணமலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை


மாரி மழை தொடங்கிவிட்டது. மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து தம்பலகாமம், கந்தளாய் வயல்களில் கூலிக்கு இறங்குகிற நம் குடும்பங்களுக்காக இன்று ஒரு நோயைப் பற்றிப் பேசுகிறோம். பெயர் மெலியோய்டோசிஸ். சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் பக்டீரியா, கால் வெடிப்பு, புண் வழியாக உள்ளே போய் இரத்தத்தில் பரவிவிடும். ஆளையே கொல்லும்.

இலங்கையில் முதலில் பதிவான நோயாளி, 1927இல், ஒரு ஐரோப்பியத் தேயிலைத் தரகர். வெறுங்காலோடு சேற்றில் நின்ற நம் பாட்டன் பாட்டியின் இரத்தத்தை அன்று யார் சோதித்தார்கள்?

சீனி வியாதிக்காரரை இது கடுமையாகத் தாக்கும். காய்ச்சல் விடாவிட்டால் பனடோலோடு நாளைக் கடத்தாதீர்கள். ஆஸ்பத்திரியில், "சேற்று வேலை செய்கிறோம், சீனியும் இருக்கிறது" என்று வாய் திறந்து சொல்லுங்கள். இரத்தத்தையோ சீழையோ கல்ச்சர் செய்தால்தான் இது பிடிபடும். ஊசி மருந்து 10 முதல் 14 நாளாவது ஏற்றவேண்டும். பிறகு மாத்திரை, குறைந்தது 3 மாதம். சுகமாகிவிட்டது என்று பாதியில் விட்டால் திரும்பவும் வரும்.

அந்த 3 மாதமும் அடுப்பு எரியவேண்டுமே! அதனால்தான் கேட்கிறோம்: கூலிக்கு இறக்குகிறவர் முழங்கால் பூட்ஸ் தரவேண்டும், தோட்டத்துக்குத் திரும்பியவருக்கு கிளினிக் நாளிலும் பேர் போடவேண்டும். கையெழுத்துத் தாள் பின்வரிசையில் இருக்கிறது.