துப்பறியும் சாமியார்

பெங்களூரில் அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்தில் நாம் வசிக்கிறோம். தெருவெங்கும் தமிழ் ஒலிக்கும்; ஆயினும் தமிழ் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகள் பலர். அவர்களுள் சிலரை அண்மையில் வீட்டிற்கு அழைத்துத் 'திகம்பர சாமியார்' படத்தைக் காட்டினோம்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் டி. ஆர். சுந்தரம் இயக்க, 1950-ஆம் ஆண்டில் வெளிவந்த படம் அது. கதை வடுவூர் துரைசாமி ஐயங்காருடையது. 'கும்பகோணம் வக்கீல்' என்றும் அந்நாவலுக்குப் பெயருண்டு. சட்டம் கற்ற வக்கீலே சட்டத்தைத் தம் குற்றங்களுக்குப் போர்வையாக்குகிறார். அவரை அகப்படுத்தத் திகம்பர சாமியார் வேடத்தின்மேல் வேடம் புனைகிறார். பிற்காலத்தில் வில்லனாகவே பெயர் பெற்ற எம். என். நம்பியார்தாம் சாமியார்! பத்துக்கு மேற்பட்ட வேடங்கள். ஒவ்வொன்றிலும் அவரைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகள் போட்டியிட்டனர்.

வக்கீலின் வாயிலிருந்து உண்மையை வரவழைக்கும் உபாயம் விசித்திரமானது. அவரை உறங்க விடுவதில்லை, அவ்வளவே. பிள்ளைகள் உருண்டு சிரித்தனர். நமக்கோ சிரிப்பு பாதியில் நின்றது. சிரிக்கச் சிரிக்கக் காட்டினாலும் அது சித்திரவதைதானே?

போருக்குப் பிந்திய மேற்கு ஜெர்மனியிலும் குற்றக் கதையை நகைச்சுவையாக்கினர். வில்ஹெல்ம் ஹௌஃப் எழுதிய ஸ்பெஸார்ட் காட்டு விடுதிக் கதையை 1958-இல் கூர்ட் ஹோஃப்மன் படமாக்கினார். மூலத்தில், கொள்ளையரை ஏமாற்றப் பொற்கொல்ல இளைஞன் சீமாட்டியின் உடையை அணிந்து, அவளுக்குப் பதிலாகச் சிறைப்படுகிறான். படத்திலோ லீஸலோட்டே புல்வர் நடித்த சீமாட்டி, ஆணுடை தரித்துக் கொள்ளையர் கூட்டத்திலேயே புகுந்து விடுகிறாள். அவர்கள் தலைவனிடம் மனத்தையும் பறிகொடுக்கிறாள். மைய அரசின் கோப்புகளை மொழிபெயர்க்கும் நமக்கு அத்தகைய சுதந்திரம் ஏது? ஒரு சொல் விடுபட்டாலும் விளக்கம் கேட்பார்கள்.

படமாக்குவோர் எதையேனும் விட்டே தீரவேண்டும். வடுவூராரின் நாவலில் உரையாடல் பக்கம் பக்கமாக நீளும். பேசுவோரின் சாமர்த்தியத்தில் அவருக்கு அத்தனை மோகம். அந்தப் பேச்சுச் சுவை திரையில் மிகவும் சுருங்கிவிட்டது. தமிழ் படிக்க அறியாத பிள்ளைக்கு அது என்றைக்கும் எட்டாது என்பதே நம் கவலை.

இதைச் சொன்னதும் ஒரு சிறுவன் நூலைக் கேட்டான். எடுத்துக் கொடுத்தோம். எழுத்துக் கூட்டி முதற்பக்கத்தைக் கடக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. வக்கீல் எப்போது வருவார் என்று இருமுறை கேட்டான், நாம் சொல்லவில்லை.